பழைய படங்கள், புதிய நூல்: 13 வலைப்பூக்களில் நடந்த ஓர் இணையச் சுற்று

பின்னணி

குடும்பப் புகைப்படங்களையும் கடிதங்களையும் வீட்டிலேயே பாதுகாக்கும் முறைகளைச் சொல்லும் 210 பக்க நூல் அது. எழுதியவர் ஆவணக் காப்பகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். துறைக்குள் அவரைத் தெரியும். பொது வாசகர்களுக்குத் தெரியாது. இது அவருடைய முதல் நூலும்கூட. வெளியிட்டது இருவர் மட்டும் நடத்தும் சிறு பதிப்பகம். ஒருவர் செம்மையாக்கத்தையும் தயாரிப்பையும் பார்த்துக்கொள்கிறார், மற்றவர் விற்பனையைக் கவனிக்கிறார். பகுதிநேர உதவியாளர் ஒருவரும் உண்டு.

விளம்பரத்துக்கு ஒதுக்க முடிந்த தொகை மிகக் குறைவு. நூலாசிரியரால் ஊர் ஊராகப் போகவும் முடியாது. அதனால் வெளியீட்டுக்கு 14 வாரம் முன்பே இணையச் சுற்று நடத்துவதென்று முடிவாயிற்று. குறிப்பிட்ட நாட்களில், நாளுக்கு ஒரு வலைப்பூவாக, நூலைப் பற்றி ஏதாவது ஒன்று வெளிவரும். அது மதிப்புரையாக இருக்கலாம், நேர்காணலாகவோ நூலின் ஒரு பகுதியாகவோ நூலாசிரியர் எழுதும் விருந்தினர் பதிவாகவோ இருக்கலாம். அன்று அந்த வலைப்பூவுக்கு நூலாசிரியர் வந்து பின்னூட்டங்களுக்குப் பதில் சொல்வார். ஒவ்வொரு வலைப்பூவும் சுற்றில் ஒரு நிறுத்தம்.

சுற்றுகளை ஏற்பாடு செய்து தருவதையே தொழிலாக வைத்திருக்கும் நிறுவனம் ஒன்றிடமும் பேசிப் பார்த்தார்கள். அதன் பட்டியலில் இருந்த பதிவர்களில் பெரும்பாலோர் காதல், துப்பறியும் கதைகளுக்கு மதிப்புரை எழுதுகிறவர்கள். பழைய படத்தின் பின்புறத்தில் எந்தப் பென்சிலால் எழுதுவது என்று கேட்கும் வாசகர் அங்கே இல்லை என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. வேலையைப் பதிப்பகமே எடுத்துக்கொண்டது.

வலைப்பூக்களைத் தேர்ந்தெடுத்த விதம்

முதல் பட்டியலில் 64 வலைப்பூக்கள் இருந்தன. உதவியாளர் ஒவ்வொன்றுக்கும் ஐந்து விவரங்களைக் குறித்தார்: கடைசிப் பதிவு வந்த தேதி, பின்னூட்டங்களுக்குப் பதிவர் பதில் சொல்கிறாரா, புனைவல்லாத நூல்களை எடுக்கிறாரா, மதிப்புரைக்கு நூல் அனுப்பும் விதிமுறைப் பக்கம் இருக்கிறதா, சமூக ஊடகத்தில் எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள். 60 நாட்களாகப் புதுப் பதிவு இல்லாதவை நீக்கப்பட்டன. பதிவுகளில் பாதிக்கு மேல் இதுபோன்ற சுற்று நிறுத்தங்களாகவே இருந்தவையும் நீங்கின. அத்தகைய வலைப்பூக்களுக்கு வருகிறவர்களில் கணிசமானோர் பரிசுப் போட்டிக்காக வருபவர்கள். மிஞ்சியவை 33.

இங்கேயே ஒரு தவறு நடந்தது. அந்த 33-ஐயும் பின்தொடர்வோர் எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்திவிட்டார்கள். பெரியவை முதல் வாரத்துக்கு, சிறியவை இரண்டாம் வாரத்துக்கு என்று போனது. பொது நூல் மதிப்புரைத் தளங்கள் மேலே வந்தன. குடும்ப வரலாறு தேடுவோர், படம் ஸ்கேன் செய்வோர், நூலகர்கள், பேனா பிரியர்கள் ஆகியோரின் சிறு வலைப்பூக்கள் கீழே போயின. நூல் யாருக்காக எழுதப்பட்டதோ அவர்கள் கூடும் இடங்கள்தான் கீழே இருந்தன.

மடல்கள்

முதல் தவணையில் 12 பதிவர்களுக்கு ஒரே மடல் போயிற்று. பெயர் மட்டும் மாறியது. நூலின் பின்னட்டை வாசகம், அட்டைப்படம், 6 எம்பி அளவில் ஓர் இணைப்பு ஆகியவை அதில் இருந்தன. இரண்டு பேர் ஒப்புக்கொண்டார்கள். மற்றவர்களிடமிருந்து பதிலே இல்லை. சிலருக்கு மடல் எரிதப் (ஸ்பேம்) பெட்டிக்குப் போயிருந்தது பின்னால் தெரிந்தது. முன்பின் தெரியாத முகவரியிலிருந்து பெரிய இணைப்போடு ஒரே வாசகம் பலருக்குப் போனால் வடிகட்டிகள் சந்தேகப்படும்.

இரண்டாம் தவணையின் 21 மடல்களைத் தனித்தனியாக எழுதினார்கள். இணைப்புக் கோப்பு கிடையாது, 180 சொற்களுக்கு மேல் இல்லை. முதல் பத்தியில் அந்தப் பதிவரின் ஒரு பதிவைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, நூலின் எந்த அத்தியாயம் அதோடு தொடர்புடையது என்று சொன்னார்கள். இரண்டாம் பத்தியில் நூல் பற்றி மூன்று வரி. மூன்றாவதில் பதிவர் தேர்ந்தெடுக்க நான்கு வடிவங்களும் இரண்டு தேதி வரம்புகளும். கடைசி வரி இது: 'படித்துவிட்டு எழுத வேண்டாமென்று தோன்றினால் எழுத வேண்டாம், சொல்லிவிட்டால் போதும்.' 12 பேர் சம்மதித்தார்கள். ஒரு மடலுக்குச் சராசரியாக 25 நிமிடம் ஆனது. அதில் பெரும்பகுதி அந்த வலைப்பூவைப் படிக்கப் போனது.

ஆக 14 நிறுத்தங்கள். வெளியீட்டு நாளில் தொடங்கி, இடைவெளி இல்லாமல் 14 நாட்கள்.

முன்பிரதியும் விளம்பரப் பொதியும்

வெளியீட்டுக்கு முன்பே படிப்பதற்கான முன்பிரதி, வெளியீட்டுக்கு ஆறு வாரம் முன்பு பதிவர்களுக்குப் போனது. அச்சுக்காகச் செய்த பிடிஎஃப் கோப்பையே அனுப்பியிருந்தார்கள். கைப்பேசியில் அதைத் திறந்தவர்களுக்குப் படவிளக்கங்கள் எறும்பு வரிசையாகத் தெரிந்தன. ஒருவர் அதை மோபி என்ற பழைய மின்னூல் வடிவத்துக்கு மாற்றித் தரச் சொன்னார். மாற்றிக் கொடுத்தும் பயனில்லை. அமேசானின் மின்னூல் கருவியான கிண்டிலுக்குக் கோப்பு அனுப்பும் சேவை இப்போது ஈபப் என்ற மின்னூல் வடிவத்தை ஏற்கிறது, மோபியை ஏற்பதில்லை. கடைசியில் எழுத்தளவை மாற்றிக்கொள்ளக்கூடிய ஈபப் ஒன்றைச் செய்து, படங்களின் அகலத்தை 1200 பிக்சலாகக் குறைத்து, ஈபப்செக் கருவியில் பிழை பார்த்து மறுபடி அனுப்பினார்கள். எட்டு நாட்கள் வீண். சிறு நூலுக்குக்கூட முன்பிரதி என்பது தனியான தயாரிப்பு வேலை என்று யாரும் அட்டவணையில் போட்டிருக்கவில்லை.

விளம்பரப் பொதியில் இருந்தவை: அட்டைப்படம் இரண்டு அளவுகளில் (அச்சுத் தரத்தில் ஒன்று, சமூக ஊடகப் பகிர்வுக்கு 1200×630 பிக்சலில் ஒன்று), நூலாசிரியர் படம், 50, 100, 250 சொற்களில் மூன்று அறிமுகங்கள், ஐஎஸ்பிஎன், வெளியீட்டுத் தேதி, பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான பட விவரணை வரிகள், நூலிலிருந்து 700 சொல் அளவில் ஒரு பகுதி, பத்துக் கேள்வி பதில்கள். கடைசி இரண்டும் எல்லாப் பதிவர்களுக்கும் ஒன்றாகவே இருந்ததுதான் முதல் வாரத்தைக் கெடுத்தது.

பொதி மேகக் கோப்புறையில் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை சுட்டி போனது; அனுமதி அமைப்பைத் திறந்துவிட மறந்திருந்தார்கள். மூன்று பதிவர்கள் 'அனுமதி கேட்கவும்' என்ற திரையைப் பார்த்துவிட்டுத் திங்கள் வரை காத்திருந்தார்கள். அனுப்புகிறவரின் கணினியில் எல்லாம் சரியாகத்தான் தெரியும். கணக்கிலிருந்து வெளியேறி, வேறு உலாவியில் திறந்து பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் பிடிபட்டிருக்கும்.

சரியாகச் செய்த ஒன்றும் உண்டு. பொதியில் கொடுத்த வாங்கும் சுட்டி எந்தக் கடைக்கும் நேரே போகவில்லை. பதிப்பகத்தின் சொந்தத் தளத்தில் இருந்த நூல் பக்கத்துக்குப் போனது. ஒவ்வொரு பதிவருக்கும், வாசகர் எங்கிருந்து வந்தார் என்று காட்டும் யுடிஎம் குறி சேர்த்த தனிச் சுட்டி: மூலம் என்ற இடத்தில் வலைப்பூவின் சுருக்கப் பெயர், வகை என்ற இடத்தில் பதிவின் வடிவம், பிரச்சாரம் என்ற இடத்தில் நூலின் பெயர். எல்லாம் சிற்றெழுத்தில், இடைவெளி இல்லாமல். பேரெழுத்தும் சிற்றெழுத்தும் கலந்தால், தளத்துக்கு வருகிறவர்களைக் கணக்கிடும் கூகுள் அனலிட்டிக்ஸ் ஒரே மூலத்தை இரண்டாகக் காட்டும்.

முதல் ஏழு நாட்கள்

மின்னூலில் சிக்கல் இல்லை. அமேசானின் முன்பதிவுக்கு இறுதிக் கோப்பை வெளியீட்டுக்கு 72 மணி நேரம் முன்பே ஏற்றிவிட வேண்டும், ஏற்றிவிட்டார்கள். சிக்கல் அச்சு நூலில் வந்தது. நூல் விவரங்கள் விநியோகஸ்தர் வழியாகக் கடைக்குப் போய்ச் சேர்ந்து பக்கம் உருவாகியிருந்தது. ஆனால் வெளியீட்டுத் தேதியும் கிடங்கு இருப்பும் வெவ்வேறு தகவல்கள். முதல் சரக்கு கிடங்கில் பதிவாகும் வரை பக்கம் 'தற்போது இருப்பில் இல்லை' என்றே காட்டியது. அது சரியானது 4-ஆம் நாள். அதற்குள் மூன்று நிறுத்தங்கள் முடிந்திருந்தன.

முதல் நாள் காலையிலேயே இதைக் கவனித்த விற்பனைப் பொறுப்பாளர், நூல் பக்கத்தில் மின்னூல் பொத்தானை மேலே ஏற்றி, அச்சு நூல் வந்ததும் தெரிவிக்க முகவரி கேட்கும் படிவம் ஒன்றைக் கீழே வைத்தார். சுட்டி சொந்தப் பக்கத்துக்குப் போனதால் இதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எந்தப் பதிவரையும் தொந்தரவு செய்ய வேண்டியிருக்கவில்லை. இரண்டு பதிவர்கள் மட்டும் கடைப் பக்கத்துக்குத் தங்கள் தரகுச் சுட்டியை, அதாவது அதன் வழியாக யாராவது வாங்கினால் பதிவருக்குத் தரகு தரும் சுட்டியை, போட்டிருந்தார்கள். அங்கே ஒன்றும் செய்ய முடியவில்லை. தரகுச் சுட்டி போடுவது பதிவரின் உரிமை, அவர் உழைப்புக்குக் கிடைக்கும் சிறு வருமானமும் அதுதான். அதை மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை.

வெளியானவை இவை. 1-ஆம் நாள் நூல் பகுதியும் பரிசுப் போட்டி அறிவிப்பும், 2-ஆம் நாள் நேர்காணல், 3-ஆம் நாள் நூல் பகுதி, 4-ஆம் நாள் மதிப்புரை, 5-ஆம் நாள் நேர்காணல், 6-ஆம் நாள் நூல் பகுதி, 7-ஆம் நாள் மதிப்புரை. மூன்று இடங்களில் வந்த நூல் பகுதியும் ஒன்றே. இரண்டு நேர்காணல்களிலும் அதே பத்துக் கேள்விகள்.

கவனித்தவை

குறியிட்ட சுட்டிகள் வழியாக ஏழு நாளில் நூல் பக்கத்துக்கு வந்தவர்கள் 186 பேர். பின்னூட்டங்களில் திரும்பத் திரும்பத் தெரிந்தவை ஏழெட்டுப் பெயர்கள். பாதிப் பேர் சுற்றில் இருந்த மற்றப் பதிவர்கள், மீதிப் பேர் பரிசுக்காகக் கூடுதல் புள்ளி சேர்ப்பவர்கள். 'அருமை, படிக்க வேண்டும்' என்பதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

பரிசுப் போட்டியின் எண்ணிக்கை மட்டும் மளமளவென்று ஏறியது. பதிப்பகத்தின் செய்திமடலில் சேர்ந்தால் கூடுதல் வாய்ப்பு என்று விதி வைத்திருந்ததால் ஒரு வாரத்தில் 340 புது முகவரிகள் வந்தன. எங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்தால், பரிசுகளைத் தொகுத்துப் போடும் தளங்களிலிருந்து. முதல் செய்திமடல் போன அன்றே விலகல்கள் தொடங்கின. இதில் சட்டச் சிக்கலும் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் இருக்கும் தரவுப் பாதுகாப்பு விதி, ஒப்புதல் தாமாக முன்வந்து தந்ததாக இருக்க வேண்டும் என்கிறது. பரிசு வாய்ப்போடு பிணைத்து வாங்கிய ஒப்புதல் அந்தச் சோதனையில் தேறுமா என்பது கேள்விதான். போட்டியில் கலந்துகொண்டவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று கேட்கவே இல்லை.

ஏழு நிறுத்தங்களில் தனித்து நின்றது 4-ஆம் நாள். 186 பேரில் 71 பேர் அங்கிருந்து வந்தவர்கள். அதுதான் சுற்றிலேயே கடுமையான மதிப்புரை. படங்களைக் கையாளும் அத்தியாயங்களை அந்தப் பதிவர் விரிவாகப் பாராட்டி, கணினியில் சேமிப்பது பற்றிய அத்தியாயம் மேலோட்டமானது, நகல் எத்தனை, எங்கெங்கே என்று சொல்லவில்லை என்று எழுதியிருந்தார். 7-ஆம் நாள் வந்த முழுப் பாராட்டு மதிப்புரையிலிருந்து வந்தவர்கள் 19 பேர். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் ஊகிக்கக் கூடியதே. கையில் ஆல்பம் வைத்திருப்பவர் வாங்கலாம், வன்தட்டு வைத்திருப்பவர் வேறு நூல் பார்க்கலாம் என்று முதல் பதிவு பிரித்துக் காட்டியது. இரண்டாவது பதிவைப் படித்துவிட்டு நூல் நமக்கானதா என்று யாராலும் முடிவு செய்ய முடியாது.

அந்தக் கடுமையான மதிப்புரைக்கு நூலாசிரியர் நீண்ட மறுப்பு ஒன்றை எழுதி வைத்திருந்தார். பதிப்பகம் தடுத்தது. பதிவரின் இடத்தில் போய் வாதாடினால் மற்ற பதிவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பது ஒரு காரணம். குறை உண்மையானது என்பது மற்றொன்று. நன்றி சொல்லி இரண்டு வரி மட்டும் பின்னூட்டம் போனது. மூன்று நாள் கழித்து, மூன்று நகல், இரண்டு வகைச் சேமிப்புக் கருவி, ஒன்று வீட்டுக்கு வெளியே என்ற பழகிய விதியை விளக்கும் இணைப்புப் பக்கம் ஒன்று நூல் பக்கத்தில் ஏறியது. பதிவருக்குத் தெரிவித்ததும் அவரே தன் பதிவின் அடியில் அதைச் சேர்த்தார்.

இன்னொரு தவறையும் இதே வாரத்தில் திருத்த வேண்டியிருந்தது. ஆர்வ மிகுதியில் உதவியாளர் ஐந்து பதிவர்களுக்கு, 'கடைத் தளத்திலும் ஐந்து நட்சத்திரம் போட்டுவிடுங்கள். பதிவில் உள்ள சுட்டியைத் தேடுபொறி கணக்கில் எடுக்கும்படி வையுங்கள்' என்று எழுதியிருந்தார். இரண்டும் கூடாதவை. முன்பிரதி தருவதை அமேசான் அனுமதிக்கிறது. அதற்குக் கைம்மாறாக மதிப்புரையை நிபந்தனையாக்குவதையும் என்ன எழுத வேண்டும் என்று சொல்வதையும் அது அனுமதிப்பதில்லை. இலவசப் பொருளுக்குப் பதிலாக வாங்கும் சுட்டியைக் கூகுள் இணைப்பு மோசடியாகவே பார்க்கிறது. அத்தகைய சுட்டிகளுக்கென்று 'ஸ்பான்சர்டு' என்ற தனிக் குறியை 2019-இல் அறிமுகப்படுத்தியது. சுட்டியைப் பின்தொடர வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் பழைய 'நோஃபாலோ' குறியும் செல்லும். அன்று மாலையே ஐவருக்கும் திருத்த மடல் போனது. அதிலேயே, நூல் இலவசமாகக் கிடைத்தது என்பதைப் பதிவின் தொடக்கத்தில், வாசகர் கண்ணில் படும் இடத்தில் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்கள். அமெரிக்க வணிக ஆணையத்தின் வழிகாட்டுதல் எதிர்பார்ப்பதும் இதைத்தான். கீழே ஓரமாகப் போட்டால் போதாது.

நடுவில் எடுத்த முடிவு

7-ஆம் நாள் மாலை மூவரும் உட்கார்ந்து பேசினார்கள். மூன்று வழிகள் இருந்தன. மீதி ஏழு நிறுத்தங்களைத் திட்டப்படி முடிப்பது, ரத்து செய்வது, தள்ளிப்போட்டுப் புதிதாக எழுதுவது.

ரத்து என்ற பேச்சு சீக்கிரம் அடங்கியது. அந்த ஏழு பதிவர்களும் நூலைப் படித்து முடித்திருந்தார்கள். அவர்களுடைய நேரத்தை வீணடித்துவிட்டு அடுத்த நூலுக்கு அவர்கள் கதவைத் தட்ட முடியாது. திட்டப்படி போனால் அதே நூல் பகுதி இன்னும் இரண்டு தடவை வரும். ஒரே வாசகம் பல தளங்களில் இருப்பதற்காகத் தேடுபொறி தண்டிப்பதில்லை. ஆனால் அவற்றில் ஒன்றைத்தான் காட்டும், மற்றவை தேடுவோர் கண்ணில் படாமலே போகும். எனவே மூன்றாவது வழி. பத்து நாள் இடைவெளி விட்டு, 18-ஆம் நாளில் தொடங்கி, இரண்டு நாளுக்கு ஒன்றாக நடத்துவது. ஒவ்வொரு பதிவரிடமும் ஒரே கேள்வி கேட்கப்பட்டது: 'உங்கள் வாசகர்கள் இந்த விஷயத்தில் அடிக்கடி கேட்பது எது?' அந்தப் பதிலிலிருந்து தலைப்பு பிறக்கும்.

ஒருவருக்குப் புதுத் தேதி ஒத்துவரவில்லை, விலகிக்கொண்டார். மிஞ்சிய ஆறில் இருவர் மதிப்புரையே போதும் என்றார்கள். நான்கு பேருக்கு நூலாசிரியர் புதிய பதிவு எழுதித் தருவதென்று முடிவாயிற்று.

பரிசுப் போட்டியை உடனே நிறுத்தலாமா என்ற பேச்சும் வந்தது. அறிவித்த விதியை நடுவில் மாற்றக் கூடாது என்பதால் அறிவித்த தேதி வரை ஓடவிட்டு, நீட்டிக்காமல் முடித்தார்கள்.

இரண்டாம் பாதி

பத்து நாளில் நான்கு பதிவுகள், ஒவ்வொன்றும் 800 முதல் 1,100 சொல். நூலில் உள்ளதை வெட்டி ஒட்டாமல், அந்தந்த வாசகருக்காகப் புதிதாக எழுதியவை.

குடும்ப வரலாறு தேடுவோரின் வலைப்பூவுக்கு, ஒட்டும் பக்க ஆல்பத்திலிருந்து படத்தைப் பிரித்தெடுப்பது பற்றி. ஆல்பத்தின் பசை நாளாக ஆக மஞ்சளித்துப் படத்தைக் கவ்விக்கொள்ளும். மெழுகு பூசாத பல் இடுக்கு நூலை ஒரு மூலையில் நுழைத்து, ரம்பம் இழுப்பதுபோல மெல்ல நகர்த்த வேண்டும். பிடிவாதமாக இருந்தால் இழுக்கக் கூடாது. பக்கத்தோடு சேர்த்து ஸ்கேன் செய்துவிட்டு அப்படியே விட்டுவிட வேண்டும். எந்தக் கட்டத்தில் நிறுத்த வேண்டும் என்பதற்கு ஐந்து படங்களும் பதிவில் இருந்தன.

படம் ஸ்கேன் செய்வோரின் வலைப்பூவுக்கு, சிறு படங்களை 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) அளவில் எடுத்து மூலப் பிரதியைத் தரம் குறையாத டிஃப் வடிவத்தில் வைத்துக்கொண்டு பகிர்வதற்கு மட்டும் ஜேபெக் செய்வது ஏன் என்று. நூலகர் ஒருவரின் வலைப்பூவுக்கு, படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுவது, பிவிசி உறைகளைத் தவிர்த்துப் பாலிபுரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறைகளைத் தேடுவது ஆகியவை. பேனா பிரியர்களின் வலைப்பூவுக்கு, மை மங்கிய கடிதங்களை ஏன் லாமினேட் செய்யக் கூடாது என்பது: ஒருமுறை செய்துவிட்டால் திரும்பப் பிரிக்க வழியில்லை.

பதிவு வெளியாகும் நேரத்தை உலகப் பொது நேரத்திலும் பதிவரின் உள்ளூர் நேரத்திலும் அட்டவணையில் குறித்தார்கள். முதல் வாரத்தில் பொது நேரம் எழுதாததால் ஒரு பதிவு முந்தைய நாளே வெளியாகி, அன்றைய நிறுத்தத்தோடு மோதியிருந்தது. பதிவு வெளியான முதல் இரண்டு மணி நேரம் நூலாசிரியர் தொடர்ந்து அங்கே இருந்தார். அதன் பிறகு மூன்று நாள், நாளுக்கு இரு முறை வந்து பார்த்தார். ஆல்பப் பதிவில் கேள்விகள் வேறு விதமாக இருந்தன: படத்தின் மேற்பரப்பே கண்ணாடித் தாளோடு வந்துவிட்டால் என்ன செய்வது, முடி உலர்த்தும் கருவியால் சூடாக்கலாமா, பசை படத்தின் பின்னாலேயே தங்கிவிட்டால்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுத நூலாசிரியர் செலவிட்ட நேரம் பதிவு எழுதிய நேரத்தைவிட அதிகம்.

சுற்றின் கடைசியில், 31-ஆம் நாள், நேரலை. மேசைக்கு மேலே கைப்பேசியைத் தாங்கியில் கவிழ்த்து வைத்து, ஆல்பத்திலிருந்து ஒரு படத்தைப் பிரித்துக் காட்டும் செயல்விளக்கம். 58 பேர் வந்தார்கள். பிரித்து முடித்துக் கேள்விகள் தொடங்கிய நேரத்தில் சந்திப்பு தானாகவே மூடிக்கொண்டது. ஜூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் கூட்டத்தை முடித்துவிடும். ஒத்திகை 20 நிமிடத்தில் முடிந்துவிட்டதால் அது யாருக்கும் நினைவில்லை. அதே சுட்டியில் மறுபடி தொடங்கியபோது திரும்பி வந்தவர்கள் 35 பேர். காணொளிப் பதிவு இரண்டு துண்டாகக் கிடைத்தது. செயல்விளக்கத்தை மட்டும் 6 நிமிடமாக வெட்டி ஆல்பப் பதிவில் சேர்த்தார்கள்.

பின்விளைவு

பதிவுகள் வெளியான 30 நாட்களுக்குள் இரண்டாம் பாதியின் ஆறு நிறுத்தங்களிலிருந்து நூல் பக்கத்துக்கு வந்தவர்கள் 655 பேர். ஆல்பப் பதிவிலிருந்து மட்டும் 302. அந்த வலைப்பூ பின்தொடர்வோர் வரிசையில் 33-இல் 29-ஆவது இடத்தில் இருந்தது.

இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. தரகுச் சுட்டி போட்டவர்கள் வழியாகப் போனவர்கள் கணக்கில் வரவில்லை. ஒரு பதிவர் தனக்கு முந்தைய நிறுத்தத்தின் சுட்டியைத் தவறுதலாக ஒட்டியதால் இரண்டு சிறு வலைப்பூக்களின் கணக்கு கலந்துவிட்டது. விற்பனையை ஒப்பிடுவது இன்னும் கடினம். முதல் மூன்று நாள் அச்சு நூலே வாங்கக் கிடைக்கவில்லை என்பதால், இரண்டாம் பாதியில் கூடுதலாக விற்றதில் பதிவுகளின் பங்கு எவ்வளவு, சரக்கு வந்துசேர்ந்ததன் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. பதிப்பகம் அதைப் பிரிக்க முயலவும் இல்லை. ஒரு நிறுத்தத்தில் வந்தவர் எண்ணிக்கை, அவர் அங்கே என்ன கேட்டார் ஆகிய இரண்டை மட்டும் வைத்துக்கொண்டது.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, முதல் பாதியில் கடுமையான மதிப்புரையைத் தவிர மற்ற பதிவுகளிலிருந்து யாரும் வருவது நின்றுபோயிருந்தது. ஆல்பப் பதிவிலிருந்தும் ஸ்கேன் பதிவிலிருந்தும் வாரந்தோறும் சிலர் வந்துகொண்டிருந்தார்கள். பெரும்பாலோர் தேடுபொறியில் கேள்வியைத் தட்டி அந்தப் பதிவுக்கு வந்து, அங்கிருந்து நூல் பக்கத்துக்கு வந்தவர்கள். பரிசுப் போட்டி வழியாக வந்த 340 முகவரிகளில் செய்திமடலில் எஞ்சியவை 52. விருந்தினர் பதிவுகள் வழியாகத் தாமாகச் சேர்ந்த 96 பேரில் 88 பேர் இருந்தார்கள்.

செலவைப் பணத்தில் பார்த்தால் சொற்பம். நேரத்தில் அப்படி இல்லை. நூலாசிரியர் பத்து நாள் வேறு வேலை செய்யவில்லை. உதவியாளர் ஏறக்குறைய நான்கு வாரம் முழுநேரம் இதிலேயே இருந்தார். இணையச் சுற்று இலவசம் என்று நினைத்துத் தொடங்குகிறவர்கள் இந்த இரண்டையும் முதலிலேயே கூட்டிக்கொள்வது நல்லது.

அடுத்த முறை மாற்றப்போவது

முதல் நிறுத்தம் வெளியீட்டு நாளில் இருக்காது. அச்சு நூல் கடைப் பக்கத்தில் வாங்கக் கிடைக்கிறது என்பதைக் கணக்கில்லாத வேறு கணினியிலிருந்து பார்த்து உறுதி செய்த பிறகு, மூன்றாம் நாளில்தான் முதல் பதிவு. 14 நிறுத்தங்களுக்குப் பதில் எட்டு, வாரத்துக்கு இரண்டு. நூலாசிரியரால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடிந்த எண்ணிக்கை அதுதான்.

விருந்தினர் பதிவுகளை எழுதும் வேலை முன்பிரதி அனுப்பும் வாரத்துக்கு நகர்கிறது. நடுவில் பத்து நாள் ஓடி எழுத நேர்ந்ததால்தான் ஒரு பதிவரை இழந்தார்கள். நூல் பகுதி தேவைப்படும் பதிவருக்கு அவருக்கென்று வேறு பகுதி; அதற்காகச் செம்மையாக்கும்போதே தனித்து நிற்கக்கூடிய ஆறு பகுதிகளைக் குறித்து வைப்பார்கள். நேர்காணல் என்றால் கேள்விகளைப் பதிவரே அனுப்ப வேண்டும். ஆயத்தக் கேள்வி பதில் பொதியிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது.

பரிசுப் போட்டி வைப்பதா என்பதில் மட்டும் பதிப்பகத்துக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. செம்மையாக்குபவர் வேண்டவே வேண்டாம் என்கிறார். விற்பனைப் பொறுப்பாளர், செய்திமடல் நிபந்தனை இல்லாமல், ஒரே ஒரு வலைப்பூவில், அந்தப் பதிவின் கேள்விக்குப் பதில் எழுதுபவர்களுக்கு மட்டும் என்று சிறியதாகச் செய்து பார்க்கலாம் என்கிறார்.

வலைப்பூப் பட்டியலில் பின்தொடர்வோர் எண்ணிக்கைக்கான கட்டம் இன்னும் இருக்கிறது. வரிசைப்படுத்த அதைப் பயன்படுத்துவதில்லை. அதற்கு முன்னால் புதிதாக ஒரு கட்டம்: 'இங்கே வருகிற வாசகர் கேட்டுப் பதில் கிடைக்காத கேள்வி எது?' உதவியாளர் அந்த வலைப்பூவின் கடைசி 20 பதிவுகளின் பின்னூட்டங்களைப் படித்து அதை நிரப்ப வேண்டும். நிரப்ப முடியாத வலைப்பூவுக்கு மடல் போவதில்லை. அடுத்த நூலுக்கான பட்டியலில் இப்போது 41 வலைப்பூக்கள் இருக்கின்றன. அந்தக் கட்டம் நிரம்பியிருப்பது 11-க்கு.